ஆறெட்டு நாற்பத்தெட்டு

ஊசிலங்குறிச்சிக்குப் போனால் அந்த ஊர்க்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், சாதி கேட்கலாம், சம்பளம் கேட்கலாம், மழை பெய்ததா என்றுகூடக் கேட்கலாம், ஆனால் எந்த ஊருக்கும் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள், வெற்றிலையைத் துப்பிவிட்டு முக்குரோட்டைக் கையால் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். முக்குரோட்டில் நெடுஞ்சாலைக்காரர்கள் நட்ட பச்சை போர்டு ஒன்று இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. கூண்டுக்கு நாலு பூட்டு.

கூண்டு வருவதற்கு முன்பு அது மற்ற போர்டுகளைப் போலத்தான் இருந்தது, ஆடுகள் அதன் காலில் முதுகு சொறிந்தன, கட்சிக்காரர்கள் கொடி கட்டினார்கள். மேற்கே சாத்தனேரி 6, கிழக்கே கருவேலம்பாடு 8, வடக்கே மாறன்பேட்டை 48 என்று மூன்று வரி. சாத்தனேரியில் ஆஸ்பத்திரியும் சந்தையும் இருந்தன. மாறன்பேட்டையில் கலெக்டர் இருந்தார். கருவேலம்பாட்டில் கருவேலமும் கொஞ்சம் மனிதர்களும் இருந்தார்கள், அந்த மனிதர்கள் காய்ச்சலுக்கு ஊசி போட வேண்டுமென்றாலும் ஊசிலங்குறிச்சி முக்கு வழியாகத்தான் உலகத்துக்கு வந்தாக வேண்டும். போர்டுக்குக் கீழே சன்னாசியின் பஞ்சர் கடை. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர், ஒரே மகள் நாகஜோதி, அவளை டி.வி.எஸ். வண்டியில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போன காலத்திலிருந்து பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போன காலம்வரை அப்பனுக்கும் மகளுக்கும் ரோட்டில் எழுதியிருக்கும் எண்களோடுதான் பேச்சு. மைல்கல்லில் மூன்று என்றும் அடுத்த பாலத்தில் ஒன்பது டன் என்றும் எழுதியிருந்தால், "கல்லுல மூணு, நீ நான் வண்டி மூணு, மும்மூணு ஒம்பது, பாலம் தாங்கும்ப்பா, போ" என்பாள். கணக்கு ஒத்துவராத பாலம் வந்தால் இறங்கி நடந்து வருவாள், அவரும் சிரிக்காமல் பாலத்துக்கு அந்தப் பக்கம் காத்திருப்பார்.

அப்படிப்பட்டவளுக்குத் தலைக்கு மேலேயே தொங்கிய போர்டு மட்டும் கண்ணில் படவில்லை. கருவேலம்பாட்டு வெள்ளைச்சாமிக்குக் கழுத்தை நீட்டிவிட்டு மாலையோடு காரில் ஏறிப் போகிறபோது, கடைக்கு எதிரேயே கல்யாணக் காரின் டயர் பஞ்சராகி, சன்னாசி பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஒட்டுப்போட உட்கார்ந்தார். அந்த நேரத்தில் ஜன்னல் வழியே தலையை நீட்டியவள், அழுதுகொண்டிருந்தவள், அழுகையோடே சிரித்துவிட்டாள்.

"ஏப்பா, மேல பாரு. ஆறெட்டு நாப்பத்தெட்டு! இத்தனை வருசமா பாக்காம விட்டுட்டமே."

அவ்வளவுதான் நடந்தது, மின்னல் வெட்டவில்லை, பல்லி சொல்லவில்லை. ஆனால் தன்னை ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள் என்று போர்டுக்குத் தெரிந்துபோயிற்று, அன்றிலிருந்து அது அந்தக் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை.

எட்டு கிலோமீட்டர் கடல் கடந்த தூரமில்லை. ஆனாலும் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிவைத்த ஊரில் சம்பந்தி வீட்டு வாசலில் தினமும் போய் நிற்க முடியுமா? வீட்டில் ஒருத்தருக்கு உலை வைத்து ஒருத்தரே தின்கிற கொடுமையைத் தாங்க முடியாமல் ஒருநாள் சாயங்காலம் சன்னாசி ஏணி போட்டு ஏறி, கருவேலம்பாட்டுக்கு எதிரே இருந்த எட்டைப் பச்சை பெயின்டால் மறைத்து, வெள்ளையில் நாலு என்று எழுதினார். மகளைப் பாதித் தூரம் பக்கத்தில் கொண்டுவந்து பார்க்கிற ஆசை, வேறொன்றுமில்லை, பைத்தியக்கார ஆசை. விடிந்து வண்டியை எடுத்தால், வாயில் போட்ட வெற்றிலை சிவக்கும் முன்பே கருவேலம்பாடு வந்துவிட்டது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த மகள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்பனைப் பார்த்தாள், அவர் சந்தோஷத்தில் காரணம் எதையும் யோசிக்காமல் தூக்குச்சட்டியில் கொண்டுபோன அயிரைமீன் குழம்பை நீட்டினார்.

மேற்கே நடந்ததை அவர் கவனிக்கவில்லை. போர்டின் முதல் வரியில் இருந்த ஆறு யாரும் தொடாமலே பன்னிரண்டாகியிருந்தது, சாத்தனேரிக்குப் போகிற டவுன் பஸ் ஒரே பாலத்தை இரண்டு தடவையும் ஒரே பனைமரத்தை இரண்டு தடவையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் ஊருக்கே உரியது: முதல்நாள் டிரைவரைத் திட்டினார்கள், மறுநாள் அரசாங்கத்தைத் திட்டினார்கள், அதற்கடுத்த நாள் அரைமணி நேரம் முன்னதாக எழுந்து கிளம்பப் பழகிக்கொண்டார்கள். வெண்டைக்காய் சந்தைக்குப் போவதற்குள் வாடியது, வாடிய வெண்டைக்காய்க்கும் ஒரு விலை உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள். சீனியம்மாவின் மகள் பொன்மலரை வரப்பில் விரியன் கடிக்கிறவரைக்கும் அப்படித்தான் போயிற்று. ஷேர் ஆட்டோவில் மடியில் போட்டுக் கொண்டுபோனார்கள், இரண்டாவது பனைமரம்வரை பிள்ளை பேசிக்கொண்டு வந்தது, ஆஸ்பத்திரி கேட் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பேச்சு நின்றது.

சன்னாசி அந்தச் செய்தியைப் போனில் சொன்னபோது நாகஜோதி ஆறு எப்படிப் பன்னிரண்டானது என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஏப்பா, போர்டுல நீ கை வச்சியா?"

"நாலுன்னு போட்டேன் தாயி. சும்மாதான்."

"நாலு பன்னெண்டு நாப்பத்தெட்டு. நீ எங்கிட்ட வந்தது அவங்களுக்குத் தூரமாப் போயிருச்சுப்பா. போய் ஊர்ல சொல்லிரு."

போய்ச் சொன்னார். துக்கவீட்டுப் பந்தலிலேயே, எல்லோர் முன்பும், சீனியம்மாவின் காலடியில் விழுந்து சொன்னார். அடிப்பார்கள் என்று நினைத்தார், அடித்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். சீனியம்மா அவரைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சாயத்துத் தலைவர் ராசமாணிக்கம்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப, இதைத் திருப்பியும் போடலாம்ல?" என்று கேட்டார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சாத்தனேரிக்கு முதலில் மூன்று போட்டார்கள், கருவேலம்பாடு தானே பதினாறானது. சரிதான் என்று கண்டுகொண்டு இரண்டு போட்டார்கள், அது இருபத்துநாலானது. ஒன்று போடலாம் என்று பேச்சு வந்த கூட்டத்தில் பூசாரி கோட்டைச்சாமி மட்டும் கொஞ்சம் இழுத்தார்: "அந்தப் பக்கம் நாப்பத்தெட்டாப் போயிருமேப்பா." அதற்குத் தலைவர், "கருவேலம்பாட்டுல நமக்கு யாருய்யா இருக்கா?" என்றார். என் மகள் இருக்கிறாள் என்று சன்னாசியின் வாய்வரை வந்தது. எதிரே சீனியம்மா உட்கார்ந்திருந்தாள். வந்த வார்த்தையை அவர் விழுங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரி ஒரு கிலோமீட்டரில் வந்து நின்றபிறகு ஊசிலங்குறிச்சி தலைகால் புரியாமல் ஆடியது. இருமினால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இருமாதவர்களும் பொழுது போகாமல் போனார்கள், சந்தைக்குப் போன பெண்கள் உலை கொதிக்கும் முன்பு திரும்பி வந்தார்கள். சுருங்கிப்போன மேற்கு ரோட்டோரத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் என் அரை ஏக்கர் எங்கே என்று கேட்டார்கள், நீண்டுபோன கிழக்கு ரோட்டோரத்தில் புதிதாக முளைத்த பொட்டலைக் காட்டி அதை எடுத்துக்கொள் என்றார்கள். அளக்க வந்த சர்வேயர் ஒரே பாலத்தை ஆறு தடவை தாண்டிவிட்டுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு மருத்துவ விடுப்பில் போய்விட்டார். ரோடு நீளும்போதோ சுருங்கும்போதோ அதில் போய்க்கொண்டிருந்தவர்களுக்குச் சேதமில்லை, பாதி வழியில் இருந்தவன் பாதி வழியிலேயே இருந்தான், பாதி மட்டும் மாறியிருந்தது. மாறன்பேட்டை வரியை மட்டும் யாரும் தொடவில்லை. நாற்பத்தெட்டு ஒரு மண்டலமல்லவா, மாலை போட்டு விரதம் இருக்கிற கணக்கல்லவா, அதில் கைவைக்க யாருக்கு நெஞ்சு வரும்?

அப்படித்தான் போர்டு சாமியானது. செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழம் குத்தினார்கள், மூன்று வரிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், மறுபடி எவனாவது ஏணியோடு வந்துவிடுவான் என்று பயந்து சுற்றிலும் கூண்டு அடித்தார்கள். கோயில் உண்டியலுக்கு உள்ள முறைதான் கூண்டுக்கும்: மூன்று பூட்டு, மூன்று கையில் சாவி, மூன்று பேரும் நின்றால்தான் திறப்பு. ஒன்று தலைவரிடம், ஒன்று பூசாரியிடம், ஒன்று சீனியம்மாவிடம், பிள்ளையைக் கொடுத்தவள் என்ற மரியாதைக்கு. சூடம் ஏற்றிச் சத்தியமும் வாங்கினார்கள். சாவியில்லாமல் பூட்டை உடைக்கிறவன் வம்சம் விளங்காது. எல்லோரும் சூடத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள், சன்னாசியும் ஒற்றிக்கொண்டார்.

நாகஜோதிக்கு நாள் தள்ளிப்போன செய்தி நாற்பத்தெட்டு கிலோமீட்டர் தாண்டிப் போனில் வந்தது. போனுக்கு மட்டும் தூரம் தெரியவில்லை, பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி பேசினாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது முறை, தாயில்லாவிட்டாலும் தகப்பன் வீடு இருக்கிறது, ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் சம்பந்தியம்மாள், வயிற்றுப் பிள்ளைக்காரியை அந்த ஆறு பாலத்தில் குலுக்கி அனுப்ப மாட்டேன், ரோட்டைச் சரிபண்ணிவிட்டு வந்து கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அதில் தப்பு சொல்ல முடியுமா? ஆம்புலன்ஸ்காரர்களே அந்த ரோட்டுக்கு வரப் பயந்து நிறுத்தியிருந்தார்கள்.

"சேர்த்துப் பாத்தேம்ப்பா," என்றாள் ஒருநாள். "எங்க ஊர்லருந்து ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ரெண்டு ரோட்டையும் கூட்டணும்ல. ஒண்ணும் நாப்பத்தெட்டும் நாப்பத்தொம்பது. ரெண்டும் இருபத்துநாலும் இருபத்தாறு. மூணும் பதினாறும் பத்தொம்பது. நாலும் பன்னெண்டும் பதினாறு. ஆறும் எட்டும் பதினாலு. எப்படிப் புரட்டிப் போட்டாலும் மொதல்ல இருந்ததுதான்ப்பா குறைச்சல்."

சன்னாசி ஊரைக் கூட்டிக் கேட்டார். ஊர் கல்நெஞ்சு ஊரில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பகல் மட்டும் பழையபடி ஆறும் எட்டும் போட்டு, பிள்ளையைக் கூட்டிவந்தபிறகு ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோருமே சொன்னார்கள். சாமி கூண்டைத் திறக்க நாள் பார்க்க வேண்டுமே. ஆடி கழியட்டும் என்றார் பூசாரி. ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பது, அன்றைக்கே வளையல் போட்டுக் கூட்டிவருவது என்று முடிவானது. சன்னாசி வளையல் வாங்கி வைத்தார், தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி அடித்தார்.

ஆடி கழிவதற்கு முன்பே ஒரு காலையில் வெள்ளைச்சாமியின் போன் வந்தது. "மாமா, வலி கண்டுருச்சு. குடம் உடைஞ்சுருச்சு. வேன்ல ஏத்திட்டோம், கெளம்பிட்டோம். போர்டை மாத்துங்க மாமா."

சன்னாசி செருப்பில்லாமல் ஓடினார். முதலில் வந்தவள் சீனியம்மா. யாரும் போய்க் கூப்பிடவில்லை, செய்தி காதில் விழுந்ததும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து, தன் பூட்டைத் தானே திறந்து வீசினாள். அவள்தான் தரமாட்டாள் என்று சன்னாசி பயந்திருந்தார், அந்த நினைப்புக்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். பூசாரி குளித்த ஈரத்தோடு வந்து சூடம் காட்டி இரண்டாவது பூட்டைத் திறந்தார். மூன்றாவது சாவி தலைவர் இடுப்பில் இருந்தது, தலைவர் மாறன்பேட்டையில் ஒரு கூட்டத்தில் இருந்தார், கிளம்பிவிட்டேன் கிளம்பிவிட்டேன் என்று போனில் சொன்னார், ஆனால் யாரும் கைவைக்காத அந்த நாற்பத்தெட்டு கிலோமீட்டரை அவர் ஓட்டித்தானே வர வேண்டும்.

சன்னாசி கடைக்குள் போய் டயர் நெம்புகிற கடப்பாரையை எடுத்துவந்தார். பூட்டுக்குள் நுழைத்தார். நுழைத்தவர் அப்படியே நின்றார்.

"உடைய்யா," என்றார்கள் சிலர்.

"சத்தியம் பண்ணிருக்கு, சன்னாசி," என்றார் பூசாரி மெதுவாக. "ஓன் வம்சம்னா அது அவதானப்பா. அவ வயித்துல இருக்குறது."

உடைத்தால் மகள்மேல் விழும், உடைக்காவிட்டாலும் மகள்மேல்தான் விழும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போனை ஒருவன் அவர் காதில் வைத்தான்.

"ஏப்பா... மூணாவது பாலம்," என்றாள் நாகஜோதி. மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினாள். "மும்மூணு... ஒம்பது. பாலம் தாங்கும்ப்பா."

அவர் தாங்கவில்லை, தெருப்புழுதியில் உட்கார்ந்து அழுதார். ஊர் வடக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. தலைவர் வண்டியின் புழுதி தெரிகிறதா, தெரியவில்லை, அதோ, அது லாரி. அப்படியே வெகுநேரம் நின்றார்கள், அத்தனை ஆண்பிள்ளைகளும். கடைசியில் சீனியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கடப்பாரையைக் கையில் எடுத்தாள்.

"தள்ளுங்கண்ணே. எனக்கு வம்சம் ஏது, விளங்காமப் போக?"

ஒரே நெம்பு. பூட்டு தெறித்து ரோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது.

சன்னாசி ஏணியில் ஏறி ஒன்றை மறைத்து ஆறு எழுதினார், அவர் கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் கீழே நாற்பத்தெட்டு எட்டாகியிருந்தது. ஊரே ஓவென்று கத்தியது. கத்தி வாய் மூடுவதற்குள் கிழக்கே ஹாரன் கேட்டது, வேன் வந்துவிட்டது. அத்தனை சீக்கிரம் எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். ஆறாவது பாலத்தையும் தாண்டி, முக்குக்கு வெகு அருகில் வேன் வந்துவிட்டிருந்தது. எதையும் தொடாமல் விட்டிருந்தால் அது தானாகவே வந்து சேர்ந்திருக்கும், ஆஸ்பத்திரி ஒரு கிலோமீட்டரில் நின்றிருக்கும். காலையிலேயே மாற்றியிருந்தால் பிழைத்திருப்பாள், கடைசிவரை மாற்றாமலே விட்டிருந்தாலும் பிழைத்திருப்பாள். மாற்றக் கூடாத நேரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவரை பொறுமையாகக் காத்திருந்து, அந்த நேரத்தில் மாற்றினார்கள்.

வேன் நிற்கக்கூட இல்லை, வேகம் குறைத்த இடத்தில் சன்னாசி தாவி ஏறிக்கொண்டார். உள்ளே இரத்தம் சீட்டைத் தாண்டி வழிந்திருந்தது. மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவள் கண்ணைத் திறந்து அப்பனைப் பார்த்தாள், ஜன்னல் வழியே பனைமரத்தைப் பார்த்தாள், கணக்குப் போடுகிறாள் என்று அந்த முகத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்தது.

"ஆறு போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் தாயி. ஓடி வந்துட்டேன்."

"இப்ப ஒண்ணு போட்டுருக்கணும்ப்பா," என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. ஆட்டத்தில் அவர் ஒரு கூட்டலைத் தப்பவிட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள், லேசாகச் சிரித்துக்கொண்டு.

சன்னாசி தன் கையைப் பார்த்தார். வெள்ளை பெயின்ட் சொட்டச் சொட்டப் பிரஷ் கையிலேயே இருந்தது. போர்டு பின்னால் இருந்தது.

முக்குரோட்டில் சீனியம்மாவுக்கும் அதே நேரத்தில் அது உறைத்தது. அவள் பள்ளிக்கூடம் போனவளில்லை, கணக்கு வைத்து அவளுக்கு உறைக்கவில்லை, மேற்கே போகிற வேனைப் பார்த்தாள், தன் பிள்ளை போன ரோடு என்று பார்த்தாள். ஏணியில் ஏறி, பிரஷைத் தேடி, காணாமல், பச்சை பெயின்டை உள்ளங்கையால் அள்ளி ஆறின்மேல் பூசினாள். ஒன்று எழுத ஒரு கோடு போதும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளை டின்னில் விரலை விட்டு ஒரு கோடு இழுத்தாள்.

வேனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி கேட் எழுந்து நின்றது. இறக்கினார்கள். குழந்தை பிழைத்தது, பெண் குழந்தை, நல்ல சத்தமாக அழுதது. நாகஜோதி அந்தப் பனைமரத்திலேயே போய்விட்டாள் என்று டாக்டர் சொல்லவில்லை, சன்னாசிக்குத்தான் தெரியும்.

காரியம் முடிந்ததும் வெள்ளைச்சாமி குழந்தையைத் தன் ஊருக்குத் தூக்கிப்போனான், தகப்பன் வீட்டுப் பிள்ளை தகப்பன் வீட்டில்தான் வளர வேண்டும், அதுவும் முறைதான். சீனியம்மாவின் விரல்கோடு போர்டில் காய்ந்திருந்தது. கிழக்கே மறுபடி நாற்பத்தெட்டு, மறுபடி ஆறு பாலம். ஊர் கூடியது. மெள்ளப் பேசினார்கள், சன்னாசியின் முகம் பார்த்துப் பேசினார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால்தானே அந்தக் குழந்தையாவது பிழைத்தது, இப்படியே இருக்கட்டுமே என்றார்கள். நியாயம்தான். இனி அந்தப் பக்கம் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று பழக்கதோஷத்தில் யாரோ சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"எம் பேத்தி இருக்கா," என்றார் சன்னாசி.

இந்தத் தடவை வாய்விட்டே சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு தலைவர் புதுப் பூட்டுகளை மேசைமேல் எடுத்து வைத்தார். மூன்றல்ல, நாலு. நாலாவது சாவியை இரண்டு கையாலும் சன்னாசியிடம் நீட்டினார், பிள்ளையைக் கொடுத்தவர் என்ற மரியாதைக்கு. அந்த மரியாதையை எப்படி வேண்டாமென்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வாங்கி அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். சீனியம்மா அவரைப் பார்த்தாள், இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

ஊசிலங்குறிச்சியில் தூரம் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று சொன்னேனே, அதில் ஒரு ஆள் விலக்கு. விவரம் தெரியாத வெளியூர்க்காரன் எவனாவது காற்றடிக்க வண்டியை நிறுத்தி, கருவேலம்பாட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால், சன்னாசி போர்டை நிமிர்ந்து பார்க்காமல், டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே பதில் சொல்வார்.

"எட்டுதான் தம்பி. வெத்தலை சிவக்குறதுக்குள்ள போயிரலாம்."